அடைப்புக்குறிக்குள் எந்த ஊர்

ஒஸ்லோ,
03.12.2009

அன்புள்ள ஜெயகுமாரி மச்சாளுக்கு,

கம்சாயினி எழுதுவது. கடிதத்தை நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். எங்கள் வீட்டிலும் நலமில்லை, உங்கள் வீட்டிலும் நலமில்லை என்று தெரிந்துகொண்டு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நீங்களும் மகள் யாழிசையும் முகாமிலிருந்து வெளியே வந்து உங்கள் சின்னம்மா வீட்டில் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள் என்பதை வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எத்தனையோ தடவை தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சின்னம்மாதான் எடுத்தார். நீங்கள் கதைக்கிற நிலையில் இல்லை என்றார், பொட்டை அழித்துவிட்டு மூலையில் இருக்கிறீர்கள் என்றார், சனம் வந்து அழுதுவிட்டுப் போகுது என்றார். ஏன் என்று கேட்டேன். நீங்கள்தானே பேப்பரிலை போட்டிருக்கிறியள், இப்ப ஏன் எண்டு கேக்கிறியளோ என்று ஏசினார். தொலைபேசியில் நம்மோடு சேர்ந்து கேட்கிற காதுகளும் அதிகம். அதனால் கொழும்புக்கு வரும் ராசமலர் அன்ரியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவருடைய தங்கை மகன் வவுனியாவுக்குக் கொண்டுவந்து தருவார்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இளமாறன் அண்ணாவைப் பற்றி எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. சண்டை முடிந்த வைகாசியில் வட்டுவாகல் பாலத்தடியில் ஆமி அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதை நீங்கள் கண்ணால் கண்டீர்கள். அதற்கு மேல் நீங்கள் அறியாத எதையும் நாங்கள் அறியவில்லை, அறிந்து மறைக்கவும் இல்லை. பேப்பரில் வந்தது பிழை. அது எப்படி நடந்தது என்று விளக்கமாக எழுதுகிறேன், தயவுசெய்து பொறுமையாக வாசியுங்கள்.

அம்மா போன மாதக் கடைசியில் காலமானார். அது உங்களுக்குத் தெரியும். மறுநாளே ஊர்ப் பேப்பரில் மரண அறிவித்தல் போட வேண்டும் என்று ஸ்ரீஸ்கந்தராசா மாமா நின்றார். அம்மாவின் தம்பி, ஹவுகெட்டோவில் எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் இருப்பவர், உங்கள் கலியாணத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று கமராக்காரருக்கே படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தாரே, அவர்தான். அவர் கை வைக்காமல் எங்கள் சொந்தத்தில் ஒரு நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் தொலைபேசியில் வாயால் சொல்லச் சொல்ல மற்றப் பக்கத்தில் எழுதி எடுத்தார்கள்.

எங்கள் அறிவித்தல்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று வரும். பிள்ளைகளின் பெயரை மூத்தவர் இளையவர் பார்த்து எழுதி, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் அவர் இருக்கும் ஊரையோ நாட்டையோ போடுவார்கள். பெரியண்ணா ஞானசேகரன் தொண்ணூறாம் ஆண்டு செல்குண்டு விழுந்து செத்துப்போனவர், அதனால் முன்னால் காலஞ்சென்ற. அடுத்தது இளமாறன் அண்ணா. அங்கேதான் மாமா திக்குமுக்காடியிருக்கிறார். வவுனியா என்று போட்டால் பொய். வன்னி என்று போட்டால் யார் வாசிப்பார்களோ என்று பயம். இலங்கை என்று போட்டால், அவ்வளவு பெரிய நாட்டில் எங்கை எண்டு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்ல என்று யோசித்தாராம். ஒன்றும் போடாமல் விட்டுவிட்டார். அச்சில் வந்தது இதுதான்: காலஞ்சென்ற ஞானசேகரன், இளமாறன், கம்சாயினி (நோர்வே) ஆகியோரின் பாசமிகு தாயாரும்.

ஊர் இல்லாத பெயரைச் சனம் எப்படி வாசிக்கும்? காலஞ்சென்ற என்ற சொல்லோடு சேர்த்துத்தான் வாசிக்கும். எனக்குப் பக்கத்தில் நோர்வே இருந்ததால் நான் தப்பினேன். ஒருவர் தொலைபேசி எடுத்து, அம்மாவுக்காக ஒரு தரமும் இளமாறனுக்காக ஒரு தரமும் எனக்கு அனுதாபம் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. மாமாவிடம் ஓடினேன். அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒரு ஊரைப் போடாமல் விட்டு என்ரை மருமேனைச் சாக்காட்டிப்போட்டனே பிள்ளை என்று குந்தியிருந்து அழுதார். திருத்தச் சொல்லிக் கேட்டபோது பேப்பர்காரர் எந்த ஊர் என்று கேட்டார்கள். மாமா தொலைபேசியை வைத்துவிட்டார்.

இதே மாமாதான் செத்தவீட்டில், கொள்ளி வைக்க மகன் இருக்கிறாரோ என்று ஐயர் கேட்டபோது, இருக்கிறான், வரேலாமல் கிடக்கு என்று சட்டென்று சொன்னவர். அவருடைய மகன் சுரேன், இளமாறன் அண்ணாவுக்குப் பதிலாகத் தர்ப்பை போட்டு எல்லாவற்றையும் செய்தான். இங்கே கொள்ளி என்று ஒன்றும் இல்லை, சுவரில் ஒரு பொத்தானை அமத்துவதுதான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தமிழ்ச் சனம் நிறைய வந்தது, பாட்ஸ்பியோர்ட்டில் காலமான அப்பாவோடு மீன் வெட்டிய ஆட்கள்கூட நோர்வேயின் வடக்கிலிருந்து வந்திருந்தார்கள்.

அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்பீர்கள். கடைசி வாரம் ஆள் யாரென்று மட்டுக்கட்டவே கஷ்டப்பட்டார். என்னைக் கண்டால் இளமாறன் சாப்பிட்டிட்டானோ என்று கேட்பார். சாப்பிட்டிட்டார் என்று சொல்வேன். என்ன கறி என்று கேட்பார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கறி சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்து, எனக்குத் தெரியாது அம்மா என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுக்க அவர் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். மறுநாள் விளைமீன் குழம்பு என்று சொன்ன பிறகுதான் கஞ்சி குடித்தார்.

இனி நான் இதை எழுதுவதன் காரணத்துக்கு வருகிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். அதை எழுதும் பொறுப்பு என் தலையில். நான் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுப் படிக்கிறேன் என்று ஹவுகெட்டோ முழுக்கத் தெரியும். நான் படிப்பது பழைய கிரேக்கருடைய கல்லறைக் கற்களில் வெட்டியிருக்கும் எழுத்து. எங்கள் சனத்துக்குக் கல்வெட்டு என்றால் செத்தவர்களின் முப்பத்தொன்றில் கொடுக்கிற புத்தகம் மட்டும்தான். முதன்முதலில் ராசமலர் அன்ரி தன் கணவர் காலமானபோது வந்து, நீ அதைத்தானே படிக்கிறாய் பிள்ளை, இவருக்கும் ஒண்டு எழுதித் தா என்றார். அன்ரி, அது கிரேக்கருடையது என்றேன். கிரேக்கர் செத்தால் என்ன, நாங்கள் செத்தால் என்ன, அழுகிறது ஒண்டுதானே என்றார். நானும் எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு யார் வீட்டில் சாவென்றாலும் எனக்கு அழைப்பு வரும். என்னோடு படிக்கும் ராம்பிரசாத் என்கிற இந்தியத் தமிழரிடம் இதைச் சொன்னேன். கல்வெட்டுன்னா ராஜாக்கள் கல்லுல வெட்டினதுங்க, அதைப் போய்ப் புத்தகமா அடிச்சு வடையோட கொடுப்பீங்களா என்று வாயைப் பிளந்தார். இப்போது என் தாய்க்கே நான் எழுதுகிறேன்.

வாழ்க்கை வரலாறு எழுதிவிட்டேன். தேவாரங்கள் தெரிவு செய்துவிட்டேன். பிள்ளைகளின் பெயர் வரிசையில் வந்து நிற்கிறேன், மாமா நின்ற அதே இடத்தில். அதற்கு அடுத்தது புலம்பல் பகுதி. மகள் புலம்பல், மருமகள் புலம்பல், பேர்த்தி புலம்பல் என்று வரும். மகன் புலம்பல் என்று ஒரு பக்கம் போடுவதா? செத்தவர்கள் புலம்புவதில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டால் அண்ணா இருக்கிறார். விட்டால் அவர் இல்லை. மாமா செய்த பிழையை, தெரிந்துகொண்டு நான் செய்ததாகிவிடும்.

நீங்கள் சிரிக்கக்கூடும், ஆனால் பல்கலைக்கழகத்தில் நான் மாரடிப்பதும் இதே பிரச்சினையோடுதான். ஒரு பளிங்குப் பீடம். முதலில் அதன் மேல் ஒரு சிலை நின்றிருக்கிறது, மேற்பக்கத்தில் பாதங்களைப் பொருத்திய குழிகள் இருக்கின்றன. சிலை போன பிறகு யாரோ அதே கல்லைக் கல்லறைக்கு எடுத்து முன்பக்கத்தில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் இந்த ஊர்க் கப்பல்காரர் ஒருவர் அதைக் கொண்டுவந்து, நடுவில் துளை போட்டுத் தன் தோட்டத்தில் பூச்சட்டி வைக்கப் பாவித்தார். பெயர்களை வாய்க்கு வசதியாக எழுதுகிறேன்: மெனாந்தர் தனக்கும், மனைவி நீக்கேவுக்கும், மகன் எர்மோகனுக்கும் இதை அமைத்தான் என்று வருகிறது. அதன் கடைசியில் ஒரு சொல், உயிரோடிருக்கும் என்பதன் முதல் இரண்டு எழுத்து. அவர்களுக்குள் உயிரோடு இருக்கும்போதே கல்லறை கட்டும் வழக்கம் உண்டு, அப்படியானால் இந்தச் சொல்லைப் போடுவார்கள். அது தகப்பனைச் சொல்கிறதா, மகனைச் சொல்கிறதா, எல்லோரையுமா என்று சொல்லின் முடிவைப் பார்த்தால்தான் தெரியும். முடிவு இருந்த இடத்தில் பூச்சட்டிக்காரர் போட்ட துளை இருக்கிறது.

உடைந்த எழுத்தை நாங்கள் ஊகித்து எழுதினால் அதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். கல்லில் இல்லை, நான் நினைத்துப் போட்டேன் என்று அதற்குப் பொருள். உயிரோடிருக்கும் மகனுக்கு என்று நான் நிரப்பிக் கொண்டுபோய் என் பேராசிரியை எமிலியிடம் காட்டினேன். அவர் துளையை அளந்து பார்த்தார். மூன்று விதமாகவும் எழுத இடம் இருக்கிறது, நீ ஏன் இதைத் தெரிவு செய்தாய் என்று கேட்டார். உனக்கு அப்படி வேண்டும் என்பது காரணமாகாது, வெறுமையாக விடு என்றார். நல்ல மனிசிதான். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் எரியும்.

கல்லை வெறுமையாக விடலாம் மச்சாள், அந்த ஆட்களைத் தேடி அழ யாரும் இல்லை. அம்மாவின் கல்வெட்டை வெறுமையாக விட முடியாது. விட்டதன் பலனைத்தான் நீங்கள் அனுபவிக்கிறீர்கள். நான் அண்ணாவோடு எட்டு வயது வரைக்கும்தான் வாழ்ந்தவள். அப்பா எங்களைக் கூப்பிட்டபோது அண்ணாவுக்கு வயது கடந்துவிட்டதென்று விசா கொடுக்கவில்லை. பிறகு உங்கள் கலியாணத்துக்கு வந்தபோது சில நாட்கள். அவரை உயிரோடு என்றோ இல்லை என்றோ எழுத நான் யார்? அவரைக் கடைசியாகக் கண்டது நீங்கள். நீங்கள் பொட்டு வைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை, அழிக்க வேண்டும் என்று சொல்லவும் வாயில்லை. பிழையான ஒரு வரியை நம்பி நீங்கள் அவரைத் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது என்பது ஒன்றே என் மன்றாட்டம். அண்ணாவின் பெயரை எப்படிப் போடுவது என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அடிப்பேன், மாமாவும் ஓம் என்றுவிட்டார்.

யாழிசைக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கி அன்ரியிடம் கொடுத்திருக்கிறேன். வவுனியாவில் எதற்கு என்று அன்ரி கேட்டார். எனக்கு வேறு என்ன வாங்குவதென்று தெரியவில்லை. கடவுள் உங்கள் இருவரையும் காக்க வேண்டும், மற்றவரையும் அவர் எங்கே இருந்தாலும் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சாள்,
கம்சாயினி


வவுனியா,
14.12.2009

அன்புள்ள கம்சாயினி மச்சாளுக்கு,

ஜெயகுமாரி எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் கிடைத்தது. குளிர்ச்சட்டையும் கிடைத்தது. யாழிசை அதைக் கழற்ற மாட்டேன் என்று வேர்க்க வேர்க்கப் போட்டுக்கொண்டு திரிகிறாள். மாமியின் கடைசி நாட்களை வாசித்தேன். விளைமீன் உங்கள் அண்ணாவுக்குப் பிடிக்காது, முள்ளுக்குப் பயம். மாமிக்கு அது தெரியாமல் போயிருக்காது. உங்களுக்காகத்தான் கஞ்சியைக் குடித்திருப்பார்.

பேப்பரைப் பற்றி நீங்கள் அந்தரப்பட வேண்டாம். நான் அதை நம்பவில்லை. காலஞ்சென்ற என்பது பெரியண்ணாவுக்கு உரியது என்று எனக்குத் தெரியாதா? மாமியின் பிள்ளைகளின் வரிசை எனக்குப் பாடம். ஆனால் பேப்பர் வந்த அன்று சனம் வந்தது. அதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முகாமால் வந்த நாளில் இருந்து என்னைக் காண்கிற எல்லோரும் ஏதும் தகவல் உண்டோ என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே வர மாட்டார்கள். செத்த வீட்டுக்கு வருகிற சனம் இப்படியான வீட்டுக்கு வராது. அன்றைக்கு வந்தார்கள். தேத்தண்ணி ஊற்றினார்கள், சமைத்தார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். பக்கத்து வீட்டு புளோறன்ஸ் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, அழடி பிள்ளை, ஏழு மாசமாய்க் கல்லு மாதிரி இருக்கிறாய் என்றா. இது பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்கள். சொல்லவில்லை. பொட்டை நானேதான் அழித்தேன்.

எட்டு நாள் அழுதேன். மாமிக்கும் சேர்த்துத்தான். பிறகு குளித்துவிட்டுத் திரும்பவும் பொட்டு வைத்தேன். ஒருக்கா அழிச்சால் அழிச்சதுதான், இதென்ன விளையாட்டோ என்று சின்னம்மா ஏசினா. இப்போது ஊரில் என்னைப் பார்த்துக் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். தேடுவதை நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன்.

உங்கள் கல்லைப் பற்றிப் பலமுறை வாசித்தேன். அந்த மகனுக்கு மனைவி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அவளைக் கேட்டு வெட்டியிருக்கலாம்.

நீங்கள் என்னைக் கேட்டீர்கள், அது பெரிய விஷயம். காலஞ்சென்ற என்று போட வேண்டாம். அவரை நான் என் கையால் அனுப்பினேன். பயப்பிடாதை, விசாரிச்சுப்போட்டு விடுவினமாம் என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார், யாழிசையின் தண்ணிப் போத்தல் அவர் தோளில் கிடந்தது. ஆகவே அவருக்குப் பக்கத்தில் வட்டுவாகல் என்று போடுங்கள். அவர் அங்கேயா இருக்கிறார் என்று சனம் கேட்கும். கேட்கட்டும். அங்கே இல்லை என்று யாராவது சொல்லட்டும். அப்படிச் சொல்கிறவரிடம், அப்போ எங்கே என்று நான் கேட்பேன்.

மகன் புலம்பலும் போடுங்கள். பாட்டாக வேண்டாம், அவருக்குப் பாட்டுச் சரிவராது. அம்மா, என்னாலை வரேலாமல் போச்சு என்று மட்டும் போடுங்கள். மருமகள் புலம்பலுக்கு நீங்களே ஏதாவது எழுதுங்கள்.

தை பிறந்ததும் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, எங்கள் ஆட்களை எங்கே என்று அரசாங்கத்திடம் கேட்டுப் பெயர் கொடுக்கப் போகிறோம். என் பெயர் முதலாவதாக இருக்கும், மற்றவர்களுக்கு எழுதக் கூச்சம். இப்படி ஏற்கெனவே கேட்ட ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஆட்கள் வந்து போனார்களாம். அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு நான் காணவில்லை. இதை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன், மாமாவுக்குச் சொல்ல வேண்டாம், அவருக்கு இருதயம் சரியில்லை.

இன்னும் ஒன்று கேட்கிறேன். கல்வெட்டில் பேரப்பிள்ளைகளின் வரி வரும்போது யாழிசைக்குப் பக்கத்தில் வவுனியா என்று போட வேண்டாம். நோர்வே என்று போடுங்கள். பிழைதான், எனக்குத் தெரியும். வாசிக்கிறவர்கள் கேட்டால் அச்சுப் பிழை என்று சொல்லுங்கள். மாமா போட்ட பிழையைத் திருத்த நீங்கள் எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று வாசித்தேன். இந்தப் பிழையைத் திருத்த வேண்டாம் மச்சாள். எப்படியாவது இதை உண்மையாக்கிவிடுங்கள்.

பிள்ளைக்கு இரவில் வெளிச்சம் இல்லாவிட்டால் நித்திரை வராது. பால் குடிக்க மாட்டாள். அப்பா எங்கே என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள், தெரியாது என்றால் விளங்கிக்கொள்வாள்.

உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

யாழிசையின் அம்மா,
ஜெயகுமாரி இளமாறன்